அட்டவணையே இல்லாத ஊரில் பயணத்தை எப்படி ஆய்வு செய்கிறார்கள்?

பேருந்து அட்டவணையே இல்லாத ஆப்பிரிக்க நகரங்களில் மக்கள் எப்படிப் போய்வருகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்துதான்.

நான் கென்யாவின் தலைநகரான நைரோபியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே எல்லாம் மட்டாட்டு என்கிற தனியார் வேன்களும் சின்ன பஸ்களும்தான். (சுவாஹிலியில் ‘டாட்டு’ என்றால் மூன்று, ஒரு காலத்தில் கட்டணம் மூன்று பத்துக் காசு நாணயங்கள், அதனால் வந்த பெயர் என்பார்கள்.) வழித்தட எண் உண்டு. 46 என்றால் கவாங்வாரே என்கிற இடத்துக்குப் போகும், 111 என்றால் ங்கோங் என்கிற ஊருக்கு. ஆனால் நேரம் கிடையாது, ஆள் நிரம்பினால் கிளம்பும். நெரிசல் என்றால் ஓட்டுநர் சந்துக்குள் திருப்பிவிடுவார். மழை பிடித்தால் கட்டணமும் ஏறிவிடும்.

நைரோபிப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கொலம்பியா, எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களும் குரூப்ஷாட் என்ற குழுவும் சேர்ந்து ‘டிஜிட்டல் மட்டாட்டூஸ்’ என்று ஒரு வேலை செய்தார்கள். மாணவர்கள் ஜிபிஎஸ் உள்ள கைபேசியோடு ஒவ்வொரு தடத்திலும் பயணம் செய்து, வண்டி போன பாதையையும் நின்ற இடங்களையும் பதிந்தார்கள். பலகை இல்லாவிட்டாலும் ஜனங்கள் ஏறி இறங்கும் இடமென்றால் அதுவும் நிறுத்தம்தான். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 2014 ஜனவரியில் 130-க்கும் மேற்பட்ட தடங்களோடு வரைபடம் வெளிவந்தது. அடுத்த வருடம் கூகுள் மேப்ஸிலும் சேர்ந்தது.

சரி, வண்டியில் ஏறாதவர்களை என்ன செய்வது? நைரோபியில் பத்துப் பயணங்களில் ஏறக்குறைய நான்கு முழுக்க நடைதான். இதற்கு வீடு வீடாகப் போய் “நேற்று எங்கெங்கே போனீர்கள், எப்படிப் போனீர்கள்?” என்று கேட்கத்தான் வேண்டும். அதிலும் குடும்பத் தலைவரை மட்டும் கேட்டால் சந்தைக்கும் பள்ளிக்கும் கிளினிக்குக்கும் அலையும் பெண்களின் நடை பதிவாகாது. மட்டாட்டு நிற்கும் இடம்வரை இருபது நிமிடம் நடந்தவரும் “வண்டியில்தான் போனேன்” என்றே சொல்வார். துருவிக் கேட்காவிட்டால் அந்த இருபது நிமிடம் கணக்கில் வராது.

விடிவதற்குள் கிபேரா என்கிற பெரிய குடிசைப் பகுதியிலிருந்து, தொழிற்சாலைகள் இருக்கும் இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு வேலைக்கு நடப்பவர்களைப் பார்த்தால் நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று புரியும். சாலை ஓரமெல்லாம் வரிசையாக ஆட்கள், பல இடங்களில் நடைபாதையே இல்லை. 2012-ல் எட்டு வழிச் சாலையாக விரிந்த தீக்கா ரோட்டையும் ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக் கடப்பதைப் பார்த்திருக்கிறேன். வண்டிகளை மட்டும் எண்ணுகிற ஆய்வில் இவர்கள் யாருமே இருக்க மாட்டார்கள்.