அலையாத்திக் காட்டுக்கு என்ன விலை?

கேள்வி: காரங்காடு அலையாத்திக் காட்டின் மதிப்பை ரூபாயில் எழுதி ஊர்க் கூட்டத்தில் வைக்கவேண்டும். எந்த முறை சரி? – வாசகி, தொண்டி

பதில்: எதற்காகக் கணக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள் சகோதரி, முறை அதிலிருந்துதான் வரும். நண்டு, இறால் என்றால் ஏல விலையில் டீசல், வலை, ஐஸ், ஆள் கூலி எல்லாச் செலவையும் கழித்தால் போதும். படகில் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குப் பயணச் செலவு முறை, அதாவது வந்துபோக அவர்கள் செலவழிப்பதை வைத்து மதிப்பைக் கணிப்பது. பஸ் காசு, டிக்கெட், நேரம் எல்லாம் சேரும். காடு அலையைத் தடுப்பதற்கு மதிப்புப் போடுவதில்தான் சிக்கல்: காடு இல்லாவிட்டால் கட்டவேண்டிய கல்சுவரின் செலவைப் போடுவார்கள், ஆனால் அந்தச் சுவரை நிஜமாகவே கட்டுவார்கள் என்றால் மட்டும்தான் அது செல்லும். அப்புறம், வேர்களுக்கிடையே வளரும் இறால் குஞ்சுக்கு ஒரு தொகை, அதே இறால் ஏலத்துக்கு வந்ததும் இன்னொரு தொகை என்று எழுதிவிடாதீர்கள். ஏலத்துக்கே வராமல் வீட்டுக் குழம்புக்குப் போகும் நண்டும் உண்டு; அதைப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.