விராலடிப்பான் பாயும் படங்கள் மங்கலாக வருவது பற்றி

மீன் பிடித்துத் தின்னும் பெரிய இரைகொல்லிப் பறவையான விராலடிப்பான் (osprey) பாயும்போது நீங்கள் எடுத்த படங்கள் ஏன் மங்கலாக வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். ஷட்டர் வேகத்தை 1/2500 நொடிக்கு ஏற்றுங்கள். விராலடிப்பான் மீனுக்குப் பாயும்போது நீங்கள் வைத்த 1/500 போதாது. அதனால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) கூடினாலும் பரவாயில்லை. அசைந்த படத்தை மீட்கவே முடியாது.

ஆனால் நண்பகலில், ஏரியின் மறுகரைப் பக்கம் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். அந்தத் தூரத்தில் வெயிலுக்குக் காற்றே நெளியும், எந்த லென்ஸும் மங்கும். கேமராவை முக்காலியில் வைத்து, அங்கே நிற்கும் பட்ட மரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கிளைகளும் கலங்கித் தெரிந்தால் காரணம் அந்தக் காற்றுதான்; இனி காலையிலேயே போய்ப் படமெடுங்கள்.

அப்புறம், பாயும் முன் விராலடிப்பான் பெரும்பாலும் அந்தரத்தில் சிறகடித்து நிற்கும், கால்கள் தொங்கும். அந்த நொடியிலேயே ஃபோகஸைப் பிடியுங்கள்.

மரத்தில் இரை தின்னும்போது மட்டும் தயவுசெய்து நெருங்காதீர்கள். தின்பதை நிறுத்தி உங்களையே பார்த்தால், பின்வாங்குங்கள்.