ஃபயர்பாக்ஸ் திறக்க மறுத்தால்: கேள்வி பதில்

ஃபயர்பாக்ஸ் பிரவுசர் திறக்கவில்லை என்று வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: படித்து முடிக்கும் வரை எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: டபுள் கிளிக் செய்தால் மவுஸ் பக்கத்தில் வட்டம் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. சில சமயம் 'ஃபயர்பாக்ஸ் ஏற்கனவே இயங்குகிறது' என்று ஒரு பெட்டி வருகிறது. திரையில் ஒன்றுமே இல்லையே, எப்படி இயங்கும்?

இயங்கும். நேற்று நீங்கள் மூடியபோது திரையில் இருந்தது மட்டும்தான் போயிருக்கிறது, உள்ளே வேலை முடியாமல் நிற்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஃபயர்பாக்ஸ் என்று எத்தனை வரி இருந்தாலும் எல்லாவற்றையும் 'எண்ட் டாஸ்க்' கொடுத்து முடித்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லை என்றால், ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் (உங்கள் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும் இடம், அங்கே போகும் வழி அடுத்த பதிலில்) 'பேரன்ட் டாட் லாக்' என்று ஒரு ஃபைல் இருக்கும். இரண்டு ஃபயர்பாக்ஸ் ஒரே நேரத்தில் ஒரே ப்ரொஃபைலில் எழுதிவிடக் கூடாது என்பதற்கான பூட்டு அது. டாஸ்க் மேனேஜரில் ஒன்றும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை அழிக்கலாம். நான் அழிக்கச் சொல்லும் ஃபைல் இது ஒன்றுதான்.

கேள்வி: அண்ணா, மூன்று தடவை அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போட்டுவிட்டேன். அப்படியேதான் இருக்கிறது. கம்ப்யூட்டரையே ஃபார்மட் செய்யட்டுமா?

வேண்டாம் தம்பி, பொறுங்கள். ஃபயர்பாக்ஸ் என்பது இரண்டு பகுதி. ஒன்று 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்' உள்ளே இருக்கும் மென்பொருள். இன்னொன்று உங்கள் ப்ரொஃபைல், அது வேறு இடத்தில் இருக்கிறது. அன்இன்ஸ்டால் செய்தாலும் வழக்கமாக ப்ரொஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் மூன்று தடவை போட்டும் கோளாறு கூடவே வருகிறது.

விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வரும் கட்டத்தில் 'ஆப்டேட்டா' என்ற ஆங்கிலச் சொல்லை முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு அடியுங்கள். மொஸில்லா, ஃபயர்பாக்ஸ், ப்ரொஃபைல்ஸ் என்று உள்ளே போங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து எட்டு எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் 'டிஃபால்ட் ரிலீஸ்' என்று ஒரு ஃபோல்டர் தெரியும். உங்களுடைய எல்லாமே அதில்தான். 'பிளேசஸ்' என்ற ஃபைலில் புக்மார்க்கும் பார்த்த பக்கங்களும். 'லாகின்ஸ்', 'கீ4' என்ற இரண்டு ஃபைல்களில் பாஸ்வேர்டுகள். முழு ஃபோல்டரையும் ஒரு பென்டிரைவில் காப்பி எடுங்கள்.

இனி தைரியமாகச் சோதிக்கலாம். அதே விண்டோஸ் கீ, ஆர். ஃபயர்பாக்ஸ் என்று அடித்து, இடம் விட்டு, மைனஸ் போட்டு, பெரிய பி. ப்ரொஃபைல் மேனேஜர் வரும். புதிதாக ஒன்று உருவாக்கி அதில் திறந்து பாருங்கள். திறந்தால் பழுது பழைய ப்ரொஃபைலில்தான்.

அந்தப் பெட்டியில் 'டிலீட்' பட்டனும் இருக்கும். அதை அழுத்தினால் ஃபைல்களையும் அழிக்கவா என்று கேட்கும். பல வருடம் முன்பு அக்காவின் கம்ப்யூட்டரில் அவசரத்தில் நான் 'ஆம்' என்று கொடுத்துவிட்டேன். நான்கு வருடமாக அவள் சேர்த்து வைத்திருந்த புக்மார்க் எல்லாம் ஒரு நொடியில் போயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் காப்பி, காப்பி என்று இத்தனை தடவை சொல்கிறேன்.

கேள்வி: சி டிரைவ் நிரம்பிவிட்டது என்று சில ஃபோல்டர்களை எடுத்துவிட்டேன். இப்போது 'உங்கள் ப்ரொஃபைலைத் திறக்க முடியவில்லை' என்கிறது.

எடுத்ததில் ப்ரொஃபைலும் போயிருக்கிறது. ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். இருந்தால் 'ரீஸ்டோர்' கொடுங்கள். வேறு டிரைவுக்கு நகர்த்தியிருந்தால் அதே இடத்தில், ஒரு எழுத்துகூட மாறாத அதே பெயரில் திரும்ப வையுங்கள். ஃபயர்பாக்ஸ் அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டுதான் தேடுகிறது.

கேள்வி: உபுண்டு 22.04. ஒரு தடவை சூடோ போட்டுத் திறந்தேன். அதிலிருந்து என் கணக்கில் திறப்பதில்லை.

சூடோ என்பது நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டுவது. அப்படித் திறந்தபோது சில ஃபைல்களின் உரிமை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் உங்கள் ஃபைலிலேயே உங்களால் எழுத முடியாது. 'சிஎச் ஓன்' கட்டளையால் ப்ரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: 22.04-இல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற தனிப் பொதி வடிவில் வருகிறது. ப்ரொஃபைல் பழைய இடத்தில் இருக்காது, ஹோமில் ஸ்னாப், ஃபயர்பாக்ஸ், காமன் என்று போனால் கிடைக்கும். பிரவுசரை சூடோவில் திறக்கவே திறக்காதீர்கள்.

கேள்வி: திறந்த உடனே திரை கறுப்பாகி மூடிக்கொள்கிறது.

ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறங்கள். ட்ரபிள்ஷூட் மோடில் திறக்கலாமா என்று கேட்கும். அதில் ஆட்-ஆன்களும் (நீங்கள் சேர்த்த துணை மென்பொருள்கள்) ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனும் (திரை வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் விடுவது) இருக்காது. அப்படித் திறந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். முதலில் ஆக்ஸிலரேஷனை நிறுத்துங்கள், கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். பிறகும் மூடிக்கொண்டால் ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் 7-இல் புதிய பதிப்பு ஓடவில்லை ஐயா.

ஓடாது. விண்டோஸ் 7-க்கு ஃபயர்பாக்ஸ் 115 பதிப்புதான் கடைசி.

கேள்வி: நம் பக்கம் தப்பே இல்லாமலும் இப்படி ஆகுமா?

ஆகும். 2022 ஜனவரி 13 அன்று உலகம் முழுவதும் பலருக்கு ஃபயர்பாக்ஸ் திடீரென்று நின்றுபோனது. ஒரு பக்கம்கூட ஏறவில்லை. ஃபயர்பாக்ஸ் பின்னணியில் தொடர்புகொள்ளும் சர்வர் பக்கம் நடந்த ஒரு மாற்றத்தால், எச்டிடிபி 3 (இணையத்தில் தகவலைக் கொண்டுவரும் ஒரு புதிய முறை) இணைப்பைக் கையாளும் பகுதியில் ஒளிந்திருந்த பிழை வெளியே வந்தது. பிரவுசர் முடிவில்லாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. சர்வரில் மாற்றியதும் சரியாயிற்று. அன்று ப்ரொஃபைலை அழித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஆகவே கை வைக்குமுன் மற்றவர்களுக்கும் இப்படி இருக்கிறதா என்று ஃபோனில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, மூன்று தடவை போட்டேன் என்று கேட்டவன்தான். புதிய ப்ரொஃபைலில் திறந்துவிட்டது! பாஸ்வேர்டு எல்லாம்?

நல்லது தம்பி. ஃபயர்பாக்ஸை மூடுங்கள். பென்டிரைவிலிருந்து 'பிளேசஸ்', 'லாகின்ஸ்', 'கீ4' மூன்றையும் புதிய ஃபோல்டரில் போடுங்கள். கடைசி இரண்டும் சேர்ந்தே போக வேண்டும், சாவி இல்லாமல் பெட்டி திறக்காது. பழைய ப்ரொஃபைலை ஒரு மாதம் அப்படியே விட்டுவையுங்கள்.