கடல்நீர் மீன்தொட்டி சைக்ளிங்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அண்ணா, உப்புத் தண்ணீர் நிரப்பிப் பத்து நாள் ஆகிறது. பளிச்சென்று தெளிவாக இருக்கிறது, மீன் விடலாமா?

பதில்: இப்போது வேண்டாம் தம்பி. மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் ஒட்டி வளர வேண்டும், அதை வளர்த்தெடுப்பதுதான் சைக்ளிங். அந்த பாக்டீரியாவுக்கு அம்மோனியாதான் இரை, வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் ஓடவிட்டாலும் அது பெருகாது. அம்மோனியம் குளோரைடு கரைசலை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும் அளவுக்கு விடு. 24 மணி நேரம் கழித்துச் சோதித்தால் அம்மோனியா பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காத்திரு, இறங்கியபின் மறுபடி விட்டுப் பார். உலர்ந்த கல் என்றால் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், ஆனால் காலண்டரை நம்பாதே, டெஸ்ட் கிட்டை நம்பு. சாலிசிலேட் வகை கிட் என்றால் குழாயை வெள்ளைத் தாளோடு ஒட்டிப் பகல் வெளிச்சத்தில் பார்க்கணும், மஞ்சளில் லேசாகப் பச்சை தட்டினாலும் அது பூஜ்யம் இல்லை.

கேள்வி: டாம்செல் மீனை விட்டு சைக்கிள் பண்ணச் சொல்கிறார்களே சார்?

பதில்: செய்யாதீர்கள். அம்மோனியாவில் செவுள் எரிய அந்த மீன் ஏன் தவிக்க வேண்டும்? பிழைத்தாலும் தொட்டி முழுக்கத் தன் இடம் என்று பின்னால் வரும் மீனையெல்லாம் விரட்டும், கல் இடுக்கிலிருந்து அதைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கேள்வி: பாட்டில் பாக்டீரியா ஊற்றினால் அன்றைக்கே மீன் விடலாமா?

பதில்: நல்ல சரக்காக இருந்தால் வேகம் கூடும், ஆனாலும் மேலே சொன்ன 24 மணி நேரச் சோதனையில் தேறணும். ஊற்றியதும் சில நாள் யூவி (கிருமி கொல்லும் விளக்கு), ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) இரண்டையும் நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் மட்டும் இறங்கவே மாட்டேன் என்கிறது. நைட்ரேட்டும் எகிறிக் கிடக்கிறது.

பதில்: பதறாதீர்கள். நன்னீரில்தான் நைட்ரைட் பெரிய எமன். கடல்நீரில் இருக்கும் ஏராளமான குளோரைடு அதைச் செவுள் வழியாக உள்ளே போக விடாமல் பெருமளவு தடுத்துவிடும். இன்னொன்று, நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் கிட் கூடுதலாகக் காட்டும், அந்த எண்ணைப் பார்த்துத் தண்ணீரை மாற்றிக் கொட்டாதீர்கள்.

கேள்வி: தண்ணீர் மட்டம் குறைந்துகொண்டே போகிறது. உப்புத் தண்ணீர்தானே ஊற்றணும்?

பதில்: இல்லை, ஆர்ஓ தண்ணீர் மட்டும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது சுமார் 1.026 ஒப்படர்த்தி, நிலையாக இருக்கட்டும்.

கேள்வி: மணலெல்லாம் பழுப்பாகப் படிகிறது அண்ணா, பயமாக இருக்கிறது.

பதில்: டயட்டம் என்ற நுண்பாசி அது. புதுத் தொட்டியில் சகஜம், தண்ணீரில் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் தானே அடங்கும். சைக்கிள் முடியும்வரை விளக்கைப் போடாதீர்கள்.

கேள்வி: எல்லாம் தேறியாச்சு. முதலில் எத்தனை மீன்?

பதில்: பெரிய அளவில் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை இறக்கிவிட்டு, சிறிய க்ளௌன் மீன் ஜோடி ஒன்று போதும். அடுத்த மீனுக்கு இரண்டு மூன்று வாரம் பொறுங்கள், அதுவரை தீனியைக் கொஞ்சமாகப் போட்டு அம்மோனியாவைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.