மீதி 2 இடத்துக்கும் ஷூட்டரா?

எழும்பூர் கிளப் கூடைப்பந்து அணியில் 12 பேரில் 10 பேர் முடிவாகிவிட்டது, மீதி இரண்டுக்கும் ஷூட்டர்களை (தூரத்திலிருந்து கூடையில் போடுகிறவர்களை) எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் 5 ஃபவுல் ஆனால் ஆள் வெளியே. அந்த வம்பில் அதிகம் மாட்டுவது கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிற உங்கள் சென்டர்தான். ஒரு இடத்தை ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து) எடுக்கிற உயரமான ஆளுக்குக் கொடுங்கள். இன்னொன்று, எதிரணி பிரஸ் போட்டாலும் (நெருங்கி வந்து மறித்தாலும்) பதறாமல் 8 விநாடிக்குள் பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுபோகிற கார்டுக்கு (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரருக்கு).

இந்த இடங்களுக்கு வருகிறவரைப் பயிற்சி ஆட்டத்தில் 15 நிமிடம் பெஞ்சில் உட்காரவைத்துச் சட்டென்று இறக்குங்கள். முதல் மூன்று தடவை பந்து எதிரணியிடம் போகும்போது, யாரை மார்க் பண்ணணும் என்று கேட்காமலே ஓடி நிற்கிறாரா? அதுதான் முக்கியம், அடித்த புள்ளி அல்ல.

வட அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஒரு அணிக்கு 15 வழக்கமான ஒப்பந்தம், 3 டூ-வே (துணை லீகிலும் சேர்த்து ஆடுகிறவர்களுக்கான ஒப்பந்தம்) வரை. சம்பளச் செலவு வரம்பைத் தாண்டினால் லீக் போடும் வரிக்குப் பயந்து 15-வது இடத்தைக் காலியாக விடும் அணிகளும் உண்டு. நீங்கள் விடாதீர்கள்: பத்தே பேர் என்றால், ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கினாலே பயிற்சியில் ஐந்துக்கு ஐந்து ஆட ஆள் இருக்காது.