வெயிலில் நிற்கும் காருக்கு ஏற்ற இருக்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புதிதாகக் கார் வாங்கியிருக்கிறோம். இருக்கைகள் துணியால் ஆனவை. துணி சீக்கிரம் அழுக்காகிவிடும் என்றும், உடனே லெதர் கவர் போட்டுவிட வேண்டும் என்றும் சீட் கவர் கடைக்காரர் வற்புறுத்துகிறார். எங்கள் வீட்டில் கார் நிறுத்தக் கூரை இல்லை. பகல் முழுவதும் தெருவில்தான் நிற்கும். நான்கு வயதுக் குழந்தையும் இருக்கிறது. கவர் போடலாமா?
– வாசகி, வேலூர்

பதில்: போட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கடைகளில் லெதர் என்ற பெயரில் குறைந்த விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைத் துணியின் மேல் பூசிய ரெக்சின்தான். மாதிரித் துண்டின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் நெய்த துணியோ பின்னல் துணியோ தெரிந்தால் அது செயற்கை. உண்மைத் தோலின் பின்புறம் நார் நாராக, மெல்லிய பஞ்சு படர்ந்தது போல இருக்கும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோடைகாலத்தில் கார்களை நிறுத்தி அளந்து பார்த்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காரின் இருக்கை சராசரியாக 51 டிகிரி செல்சியஸும், ஸ்டீயரிங் 53 டிகிரியும், டேஷ்போர்டு 69 டிகிரியும் எட்டியிருந்தன. நிழலில் நின்ற காரிலோ இருக்கை 41 டிகிரி அளவிலேயே இருந்தது. கத்திரி வெயிலில் வேலூர்த் தெருவில் நிற்கும் கார் இதற்குக் குறைவாகச் சுடும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

துணியும் ரெக்சினும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாகியிருந்தாலும் உடம்பில் படும்போது இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. துணியில் இழைகளின் நுனிகள் மட்டுமே தோலைத் தொடுகின்றன, இடையில் காற்று நிற்கிறது என்பதால் சூடு மெதுவாகவே ஏறும். ரெக்சின் வழுவழுப்பான ஒரே தகடாக இருப்பதால் தொடை முழுவதும் ஒட்டி, சூட்டை ஒரே நொடியில் இறக்கிவிடும். அரைக்கால் சட்டை அணிந்த குழந்தை உட்கார்ந்த வேகத்தில் அலறி எழுவது இதனால்தான். உட்கார்ந்த பிறகும் வியர்வை போக வழியில்லாமல் முதுகு நனைந்துவிடும். சந்தேகம் இருந்தால், கடையில் ஒரு மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி, உங்கள் காரின் துணி இருக்கை மேலேயே அரை மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு, இரண்டையும் முழங்கையின் உட்புறத்தால் தொட்டுப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. பல கார்களில் முன் இருக்கையின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் பொதிந்திருக்கிறது. அங்கே ஏர்பேக் என்று ஒரு சிறு பட்டி தைக்கப்பட்டிருக்கும். கெட்டியான ரெக்சினை அதன்மேல் இறுக்கித் தைத்தால், மோதும் நேரத்தில் அது விரிய வேண்டிய விதத்தில் விரியாமல் போகலாம். உங்கள் காரின் கையேட்டில் இது பற்றி எழுதியிருப்பதைப் படித்த பிறகே எந்தக் கவரையும் தீர்மானியுங்கள்.

அழுக்குக்கு அஞ்சினால், பழைய அரசாங்க அம்பாசடர் கார்களில் விரித்திருந்தார்களே, அதைப் போன்ற வெள்ளைப் பருத்தித் துண்டுகளை உட்காரும் பகுதியிலும் முதுகுப் பகுதியிலும் மட்டும் விரித்து, வாரந்தோறும் துவைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான விரிப்பை நான் பார்த்ததில்லை. காரை நிறுத்தியதும் முன்கண்ணாடிக்குத் தடுப்பு வையுங்கள். குழந்தையை உட்கார வைக்கும் முன் பெல்ட்டின் உலோகக் கொக்கியைக் கட்டாயம் தொட்டுப் பாருங்கள். இருக்கையைவிட அதுதான் முதலில் சுடும்.

கேள்வி: பழைய கார் ஒன்றை உண்மையான தோல் இருக்கைகளுடன் வாங்கினேன். கோடையில் தோல் வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தடவாதீர்கள். தோலுக்குத் தேவையான எண்ணெயைப் பதனிடும்போதே ஏற்றிவிடுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் சுற்றுகின்ற பெரிய டிரம்களில் இந்த வேலை நடப்பதைக் காணலாம். அதன் பிறகு கார் இருக்கைக்கான தோலின் மேல் நிறமும் பாதுகாப்புப் பூச்சும் ஏற்றப்படுகின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப் போல் நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது என்று பொருள். அந்தப் பூச்சைத் தாண்டித் தேங்காய் எண்ணெய் உள்ளே போகாது; மேலே தங்கிப் புழுதியைப் பிடிக்கும், சிக்கு வாடை அடிக்கும். ஈரத்துணியில் மிதமான சோப்பு நீரைத் தொட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதே போதுமானது. மடிப்புகளில் தங்கும் மணல்தான் பூச்சை அறுக்கிறது. அதை முதலில் வாக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிட்டுத் துடையுங்கள். கைக்கு அடிக்கும் சானிடைசர் தோலில் படக் கூடாது; ஆல்கஹால் பூச்சைக் கரைக்கும்.

கேள்வி: இரண்டே ஆண்டுகளில் என் காரின் லெதர் கவர் செதில் செதிலாக உரிந்து உடையில் ஒட்டுகிறது. ஒட்டிச் சரிசெய்ய முடியுமா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: முடியாது. அது பாலியூரித்தேன் பூச்சு. சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால், அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைத் தண்ணீர் அறுத்துவிடுகிறது; கடற்கரையோரத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பசையோ சாயமோ போட்டால் அதுவும் சேர்ந்து உரியும். கவரைக் கழற்றிவிட்டு அடியிலுள்ள இருக்கையைப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பி.வி.சி. ரெக்சின் இப்படி உரியாது. ஆனால் அதை நெகிழ வைக்கும் பொருள் வெயிலில் ஆவியாகி வெளியேறுவதால், காலப்போக்கில் விறைத்துத் தையல் ஓரங்களில் வெடிக்கும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் எண்ணெய்ப் படலத்துக்கு அந்த ஆவியும் ஒரு காரணம்.

கேள்வி: துணி இருக்கையின் ஹெட்ரெஸ்டில் தலை எண்ணெய்க் கறை, வியர்வை நாற்றமும் போகவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: இருக்கைத் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர், அது தண்ணீரை விலக்கும், எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வெறும் தண்ணீரால் துடைத்துப் பயனில்லை. கறையின் மேல் சோள மாவை அப்பி, சில மணி நேரம் எண்ணெயை உறிஞ்ச விட்டு, உதிர்த்த பிறகு, பாத்திரம் கழுவும் திரவத்தின் நுரையை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை ஒற்றி எடுங்கள். வியர்வை படிந்த இடங்களுக்கும் இந்த நுரையே போதும். வாளித் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஃபோம் உலர நாட்கள் ஆகி நாற்றம் அதிகமாகும், இருக்கைக்கு அடியில் ஓடும் மின்கம்பிகளும் நனைந்துவிடும். காலையில் இந்த வேலையைத் தொடங்கி, நான்கு கதவுகளையும் திறந்து வைத்து, மாலைக்குள் முழுவதும் உலர்ந்துவிட்டதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்த பிறகு கதவை மூடுங்கள்.