‘ருரோனி கென்ஷின்’ படத்தில் வரும் ‘சகபாதோ’ என்ன வகை வாள்?

மங்கா எனும் ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து 2012-இல் படமான இந்தக் கதையில், இனிக் கொல்வதில்லை என்று உறுதியெடுத்த முன்னாள் கொலையாளி கென்ஷின் ஏந்துவதுதான் சகபாதோ: கூர் இடம் மாறிய வாள். கத்தானா எனும் சாதாரண ஜப்பானிய வளைவாளில் கூர் வெளிவளைவில் இருக்கும். இதில் உள்வளைவில், கதிர் அரிவாளைப் போல. வழக்கம்போல வீசினால் எதிராளி மேல் படுவது மழுங்கிய முதுகு.

இப்படி ஒன்றை வடிப்பது லேசல்ல. கத்தானாவின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் கூர்ப்பக்கம் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். சட்டெனக் குளிரும் கூர்ப்பக்கம் இறுகி விரிவதால் வாள் முதுகுப்பக்கமாக வளைகிறது. சகபாதோவுக்கு வேண்டியதோ நேர் எதிர் வளைவு!

மழுங்கல்தானே, ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு கிலோ எஃகு வேகமாக இறங்கினால் எலும்பு முறியும், தலையில் பட்டால் உயிரே போகலாம்.